சர்வர் அறையின் கீபோர்டு

“வேலை போனாப் போகட்டும் சார். செய்யாத தப்பைச் சுமந்துக்கிட்டுப் போக மாட்டேன்” என்றார் அந்தப் பெண் பொறியாளர்.

துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி என்பதால் எல்லாருக்குமே மச்சானாகிவிட்டவனுக்குக் கை துறுதுறுத்தது. அவனுடைய அத்தானான துப்பறிவாளரோ அசையவில்லை. “முதல்லேர்ந்து சொல்லும்மா.”

“எங்க ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒரே சர்வர்தான் மேய்க்குது. அதுல ஓடுற மென்பொருளுக்குன்னு தனி லாகின் கணக்கு வெச்சிருக்கேன். மனுஷங்க அதுல நுழையவே கூடாது. நேத்து யாரோ நுழைஞ்சு, எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரேயடியா அணைச்சுட்டாங்க. ஆபரேஷன் நடுவுல திரை இருண்டுபோச்சு. டாக்டர் சமாளிச்சதால உயிர் தப்பிச்சுது.”

“பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கு, கூட வேலை பார்க்கிறவருக்கு, அவரை ஒல்லின்னுதான் கூப்பிடுவோம், அப்புறம் அவசரத்துக்குன்னு எங்க கம்ப்யூட்டர் துறைத் தலைவருக்கு. தலைவர் என்னைக் கை காட்டிட்டார். இன்னிக்குச் சாயங்காலம் போலீசுக்குப் போறாங்க.”

ஆஸ்பத்திரியில் துறைத் தலைவர் மடிக்கணினியிலிருந்து நிமிரவே இல்லை. “புது அப்டேட்டைப் பகல்ல போட மாட்டேன்னு அடம் பிடிச்சாங்க. அந்தக் கோபத்துல செஞ்சிருப்பாங்க. சர்வர் அறையா? நான் அங்கே கால் வெச்சதே இல்ல. அது அவங்க ராஜ்ஜியம்.”

சர்வர் அறைக் குளிரில் மச்சானின் பல் தந்தியடித்தது. இரண்டு முறை தவறான பாஸ்வேர்டு, மூன்றாவது முறை சரி. எல்லாம் இந்தக் கீபோர்டில்தான் என்று சர்வரின் பதிவு காட்டியது. அத்தான் எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

“மேல் வரிசையில அஞ்சாம் நம்பர் பட்டன் செத்துப்போச்சு சார்” என்றார் ஒல்லி. “ரொம்ப நாளாவே அஞ்சுக்கு மட்டும் வலது ஓரத்து நம்பர் கட்டத்துல இருக்கிற இன்னொரு அஞ்சைத்தான் அழுத்துவோம்.”

“பாஸ்வேர்டுல அஞ்சு வருதா?”

“வருது.”

வெளியே வந்ததும் மச்சான் கிசுகிசுத்தான். “ஒல்லிதான் அத்தான்! முழியே சரியில்ல.”

“முழியை வெச்சு யாரையும் ஜெயில்ல போட முடியாதுடா.”

சாயங்காலம் ஆஸ்பத்திரி இயக்குநர் முன்னிலையில் மூவரையும் அத்தான் சர்வர் அறைக்கு வரவழைத்தார். தலைவரை நாற்காலியில் உட்கார வைத்து, “உங்க போன் நம்பரை அடிங்க” என்றார்.

தலைவரின் விரல்கள் மேல் வரிசையில் ஓடின. ஐந்து வந்ததும் மேலே இருந்ததைத் தொடாமலே வலது ஓரத்துக்குத் தாவி, மறுபடி மேலே வந்தன.

“மென்பொருள் பாஸ்வேர்டைத் தப்பா அடிக்காது, தடுமாறுறது விரல்தான்” என்றார் அத்தான். “இந்தக் கீபோர்டோட தினமும் மல்லுக்கட்டுற ரெண்டு பேர் ரெண்டு தடவை தவற மாட்டாங்க. திரையில வெறும் புள்ளிதான் தெரியும். அஞ்சு விழலைங்கிறது புதுசா வந்தவருக்குத் தெரியாது. மூணாவது தடவைதான் தெரிஞ்சிருக்கு. கால் வெச்சதே இல்லைன்னீங்களே சார், உங்க விரலுக்கு மட்டும் யார் சொன்னது?”

தலைவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். “ஒரு வார்டுக்கு மட்டும் அப்டேட்டை அனுப்பிப் பார்க்கலாம்னு... எல்லாத்துக்கும் போய், மொத்தமா அணைஞ்சிடுச்சு. பயந்துட்டேன்.”

“பயந்தது நீங்க. பழி எனக்கா?” என்றார் பொறியாளர்.

இயக்குநர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். பொறியாளர் அதற்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பற்றினார்.

“எழுந்திரிங்க சார். அந்தக் கணக்குல இனி எந்த மனுஷனும் நுழையாதபடி பண்ணணும். உள்ளே அடுத்த ஆபரேஷன் ஆரம்பிக்கப் போறாங்க.”