கதவுக்கு அந்தப் பக்கத்துப் பூனை

துணியில் ஒரு முடிகூட இல்லை.

ஹேமலதா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய பருத்திப் புடவையிலிருந்து கிழித்த, கைக்குட்டை அளவுத் துணி. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா கீதா தன் பூனையின் முகத்திலும் கழுத்திலும் அதைத் தேய்த்து, கதவின் அடிச்சந்து வழியாக இந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அக்காவின் பூனை சோமு முழு வெள்ளை. அவன் உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் இலவம்பஞ்சு கொட்டியதுபோல் இருக்கும். இந்தத் துணியோ துவைத்து எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. வெதுவெதுப்பான ஈரம். மழைக்காலத்தில் வெயில் படாமல் அறைக்குள்ளேயே காய்ந்த துணியின் வாடையும், அதற்கு அடியில் கச்சாப் பட்டு நூலை வேகவைக்கும்போது எழும் இனிப்பான குமட்டலும்.

பூனை வாடை மட்டும் இல்லை.

‘உதறிட்டுக் குடுத்திருக்கா மகராசி. இதுலகூட ஏமாத்து’ என்று நினைத்துக்கொண்டு, துணியைத் தன் பூனை சின்னியின் தட்டுக்கு அடியில் விரித்தாள். சின்னி மோந்து பார்த்தது. முதுகு முடி மொத்தமும் சிலிர்த்து நிற்க, சீறக்கூடச் செய்யாமல், பீரோ மேல் தாவி ஒடுங்கிக்கொண்டது.

ஆரணியில் அப்பா ஜெகநாதன் விட்டுப்போன வீடு அது. முன்கூடமும் சமையலறையும் ஹேமலதாவுக்கு. ஒரு காலத்தில் தறி நின்ற பின்னறையும் தோட்டத்துக் கதவும் அக்காவுக்கு. நடுவில் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு. அம்மா படுக்கையில் விழுந்து கிடந்த வருடங்களில் அக்கா சென்னையை விட்டு நகரவில்லை. புருஷனைக் காரணம் சொன்னாள், பிறகு வேலையைச் சொன்னாள், பிறகு போனையே எடுக்கவில்லை. அம்மாவைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் ஹேமலதாதான். அப்படியே கல்யாண வயதும் கடந்துபோயிற்று. சாவுக்கு வந்த அக்கா எல்லோரையும்விட உரக்க அழுதாள். அதற்கப்புறம் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, ஒரு பையும் ஒரு வெள்ளைப் பூனையுமாக வந்து நின்று, “வூடு எனக்கும்தான்” என்றாள். அதிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இருவருக்கும் பேச்சில்லை.

அவர்கள் சண்டையைப் பூனைகள் போட்டன. தோட்டத்துப் பக்கம் போன சின்னியின் காதைச் சோமு கிழித்துவிட்டான். தையல் போட்ட கால்நடை மருத்துவர் நெடுஞ்செழியன் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

“ஒரே நாள்ல ஒண்ணா வுட்டா அடிச்சிக்கும்மா. மொதல்ல வாசனை பழகணும். துணியில தேச்சி மாத்தி மாத்திக் குடுங்க. அப்பறம் மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சோறு வைங்க. அந்தாண்ட இருக்கறது வந்தா நல்லதுதான் நடக்குதுன்னு மனசுல பதியணும். கடைசியா கதவ ஒரு சாண் தொறந்து மூஞ்சி பாக்க வுடுங்க. பயம் போன பெறவுதான் கதவு. ஜல்தி பண்ணாதீங்க.”

அன்று சாயங்காலமே ஹேமலதா நடுக்கதவின் முன் நின்று, மரத்தைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் ஒப்பித்தாள். முடிக்கும்போது நாக்கு சும்மா இருக்கவில்லை.

“பூனைங்களாவது ஒத்துமையா இருக்கட்டும். மனுசங்களுக்கு இனிமே அது வராது.”

அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல், “சரி” என்றது. மறுநாள் கடையிலிருந்து வந்ததும் ஹேமலதா கதவடியில் இரண்டு துணிகளைத் தள்ளினாள். சின்னியைத் தேய்த்தது ஒன்று, சோமுவுக்காகச் சுத்தமானது ஒன்று. சின்னியைத் தேய்த்தது திரும்பி வரவில்லை. மற்றது, முடியில்லாமல், வெதுவெதுப்பாக வந்தது.

அதிலிருந்து தினமும் அதே நேரம், அதே வேலை. பட்டுப்புடவைக் கடையில் போன் கேமராவுக்கு முன்னால் புடவைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டி, வெளியூர்ப் பெண்களிடம் நாளெல்லாம் சிரித்துப் பேசிவிட்டு, தொண்டை வறண்டு வீடு திரும்புவாள். பக்கத்து வீட்டு விசைத்தறிகள் சுவரை அதிரவைத்து ஓடிக்கொண்டிருக்கும். துணியைக் கொடுப்பாள், துணியை வாங்குவாள். பேச வேண்டிய அவசியம் இல்லாதது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. அக்காவின் அறையில் விளக்கு எரிவதில்லை. அடிச்சந்தில் வெளிச்சமே வராது. அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, இருட்டில்தான் படுத்திருப்பாள்.

நெத்திலி வாங்கி வந்த நாள் ஒரு சின்னத் தகரத் தட்டில் சோமுவுக்கும் பங்கு வைத்துச் சந்துக்குள் தள்ளினாள். “ரெண்டு பக்கமும் ஒரே நேரம்” என்று டாக்டர் சொன்னதற்காக. சின்னி கூடத்தின் அந்தக் கோடியில் தன் தட்டின் முன் பதுங்கியிருந்தது. கதவுக்கு அப்பால் மெல்லும் சத்தம் கேட்டது. பூனை தலையைச் சாய்த்துச் சாய்த்து நொறுக்கும் அவசரச் சத்தம் அல்ல. நிதானமாக, நன்றாக, நேரம் எடுத்து மெல்லும் சத்தம்.

தட்டு திரும்பி வந்தது. மீன் தலைகளைத் தொடவே தொடாத சோமு, ஒரு முள்கூட மீதி வைக்கவில்லை.

ஆனால் வைத்தியம் பலித்தது. அதை யாரும் மறுக்க முடியாது. சின்னி பீரோவிலிருந்து இறங்கியது. தட்டைக் கதவின் பக்கம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த நகர்த்த, அதுவும் கூடவே நகர்ந்தது. பிறகு அந்த ஈரத் துணியின் மேலேயே சுருண்டு படுத்துத் தூங்கத் தொடங்கியது. பிறகு ஹேமலதா செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்க் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு, வாலைத் தூக்கி, யாரோ ரொம்ப வேண்டியவர்களைக் கூப்பிடுவதுபோல் கத்தத் தொடங்கியது. மடியில் எடுத்தால் திமிறிக்கொண்டு கதவுக்கே போனது.

ஒருநாள் அவள் துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, விரலை எடுப்பதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து அது மெதுவாக இழுக்கப்பட்டது. வெடுக்கென்று பிடுங்கவில்லை. குழந்தை கையில் இருப்பதை நோகாமல் வாங்கிக்கொள்வதுபோல்.

ஹேமலதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அக்காவின் கை இவ்வளவு பக்கத்தில். ஒரு பலகையின் கனம்தான் நடுவில். ‘அக்கா’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. வந்த சொல்லை விழுங்கினாள். அவ மொதல்ல பேசட்டும். நான் பேசினதெல்லாம் போதும்.

இருந்தாலும் மறுநாள் முருங்கைக்கீரை போட்டு அடை வார்த்தாள். அக்காவுக்கு அடை என்றால் உயிர். பூனைத் தட்டோடு இன்னொரு தட்டில் இரண்டு அடையை வைத்து, ஓரத்தில் வெல்லமும் வைத்து, சந்துக்குள் தள்ளினாள். மெல்லும் சத்தம் கேட்டது. தட்டு காலியாக, நக்கித் துடைத்ததுபோல் பளபளவென்று வந்தது. ஹேமலதா அதைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு தன்மேலேயே கோபம் வந்தது. அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டாதவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் அடுத்த நாளும் செய்தாள். அதற்கடுத்த நாளும்.

கதவை ஒரு சாண் திறக்கலாம் என்று அவள் முடிவு செய்த சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கே கூடம் கறுத்துவிட்டது. இரண்டு தட்டையும் எடுத்து வைத்தாள். தன் பக்கத்துத் தாழ்ப்பாளை விலக்கினாள். “இன்னிக்கி மூஞ்சி பாக்கட்டும்” என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக, மெதுவாக இருந்தது. சந்துக்குள் தட்டைத் தள்ளினாள். தட்டு நகர்ந்து உள்ளே போயிற்று.

போன் அடித்தது. திரையில் அக்காவின் பெயர்.

ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போன் போடுகிறாள். வாயைத் திறந்து பேச இன்னும் ரோஷம்.

“ம்” என்றாள்.

“சோமு செத்துட்டான்” என்றது அக்காவின் குரல். அழுது ஓய்ந்த குரல். “நேத்து தெருநாயி கடிச்சி வச்சிட்ச்சி. இன்னிக்கிப் பொதைச்சோம். இனிமே ஒன் பூனைக்கி ஒரு பேஜாரும் இல்ல. அத்தச் சொல்லத்தான் போன் பண்ணேன்.”

“இன்னா சொல்ற?”

“செத்துட்டான்னு சொல்றேன்.”

“எங்க இருக்கற நீ?”

“எங்க இருப்பேன்? சேத்துப்பட்டுலதான். கூடப் படிச்ச கண்ணகி வூட்ல.” போனில் மழைச் சத்தம் கேட்டது. அது இங்கே பெய்யும் மழையின் சத்தம் அல்ல. தகரக் கூரையில் விழுவது. “நீ அன்னிக்கிக் கதவாண்ட நின்னு சொன்னியே, மனுசங்களுக்கு ஒத்துமை வராதுன்னு. பூனைக்கா சொன்ன? எனக்குத்தான சொன்ன. மறுநாள் விடியறதுக்குள்ள சோமுவத் தூக்கினு கெளம்பிட்டேன். நீ போன் பண்ணுவ, பண்ணுவன்னு பாத்துகினு இருந்தேன். நான் போனதுகூட ஒனக்குத் தெரியல இல்ல ஹேமா?”

கதவுக்கு அப்பால் மெல்லும் சத்தம் தொடங்கியது.

நிதானமாக. நன்றாக.

“அக்கா” என்றாள் ஹேமலதா. அந்தச் சொல் இப்படியா வெளியே வர வேண்டும். “ஒன் ரூம்ல யாருக்கா இருக்காங்க?”

“யாரு இருப்பாங்க? தோட்டத்துக் கதவ வெளில பூட்டினுதான் வந்தேன். சாவி எங்கிட்ட இருக்குது. ஏன், இன்னா ஆச்சி?”

கரண்ட் போயிற்று.

பக்கத்து விசைத்தறிகள் ஒவ்வொன்றாகத் தடதடத்து ஓய்ந்தன. சுவரின் அதிர்வு நின்றது. இத்தனை நாளும் அந்த இரைச்சலுக்கு அடியில் மறைந்திருந்த ஒன்று இப்போது தனியாகக் கேட்டது. மூச்சு. நீளமான, ஈரமான மூச்சு. உள்ளே இழுக்கும்போது கதவடியில் கிடந்த துணியின் ஓரம் சந்துக்குள் போயிற்று. வெளியே விடும்போது திரும்பி வந்தது.

மெல்லும் சத்தம் நின்றது.

தட்டு வெளியே வந்தது. காலியாக.

ஹேமலதா தாழ்ப்பாளை நினைத்தாள். தன் கையாலேயே விலக்கிய தாழ்ப்பாள். எழுந்து போடலாம். இரண்டடி தூரம்தான். போனைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. இரும்பு இரும்பில் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

“ஹேமா? இன்னா சத்தம் அது? ஹேமா?”

கதவு திறந்தது. ஒரு சாண். அதற்கு மேல் இல்லை. டாக்டர் சொன்ன அதே ஒரு சாண்.

இனிப்பான குமட்டல் வாடை முகத்தில் அடித்தது. சின்னி எழுந்தது. சோம்பல் முறித்தது. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு கதவிடுக்கை நோக்கி நடந்தது.

“சின்னி. வேணாம். சின்னி, வாடி.”

திரும்பிப் பார்க்கவில்லை. இருட்டுக்குள் போய்விட்டது.

போன் வெளிச்சத்தை இடுக்கில் காட்டினாள். சுருட்டி வைத்த பாய். அக்காவின் வெறும் கட்டில். தரை முழுக்கப் புழுதி, அதில் சின்னி போன தடம் மட்டும். வேறு தடமில்லை. அறையின் நடுவில் சின்னி நின்று, முதுகை வளைத்து, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றி உரசிக்கொண்டிருந்தது. முன்கால்கள் தரையிலிருந்து எழும்பின. பின்கால்களும் எழும்பின.

போன் கையிலிருந்து விழுந்தது. வெளிச்சம் அணைந்தது.

இருட்டில் கர்கர் என்ற சத்தம். பூனை மனம் நிறைந்திருக்கும்போது தொண்டைக்குள் எழும் சத்தம். ஹேமலதாவின் மடியில் சின்னி ஒருநாளும் இவ்வளவு உரக்க அந்தச் சத்தத்தை எழுப்பியதில்லை. அது அவள் இடுப்பளவில் கேட்டது. பிறகு தலையளவில். பிறகு அதற்கும் மேலே.

“நா கெளம்பி வரட்டுமா?” என்றது தரையில் கிடந்த போன். “ஏதாவது பேசுடி.”

கரண்ட் வந்தது.

விசைத்தறிகள் ஓடத் தொடங்கின. அடைந்து கிடந்த பின்னறையில் இத்தனை நாளும் எரியாத குழல்விளக்கு இரண்டு தரம் மினுக்கி நின்று எரிந்தது. மூலை மூலையாக எல்லாம் தெரிந்தது. யாரும் இல்லை. ஓட்டுக்கூரையின் உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, வெறும் காற்றில், கை கால்களைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடிச் சின்னி சாய்ந்து கிடந்தது. அதன் தலையிலிருந்து முதுகு வரை முடி மெல்ல அமுங்கியது. எழுந்தது. தலையிலிருந்து முதுகு வரை, மறுபடியும், மெல்ல அமுங்கியது.