பிணைவீட்டுக் குரல்

காலை ஆறு மணிக்கு மலைமதகுக் காவலறையின் குரல்பெட்டி கரகரத்தது.

“இருக்கேன், தாயி” என்றது ஒரு கிழட்டுக் குரல்.

உலகம்மை பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான். ஆறு வருடமாக ஒருநாள் விடாமல் நடக்கிற காரியம்.

“ஒங்க பெரியப்பாவுக்குக் கடிகாரமே வேண்டாம்க்கா. ஒரு நிமிஷம் பிந்த மாட்டாரு” என்று டீயை நீட்டினாள் உதவிப் பொறியாளர் ஜெபராணி. உலகம்மை டீயை வாங்கிக்கொண்டாள்.

மூங்கணாற்றின் சட்டம் அப்படி. மலையில் அணை மதகைத் திறக்கிறவர் யாரோ, அவருடைய சொந்தம் ஒருவர் நூற்றிருபது கிலோமீட்டர் கீழே கடைமடையில் குடியிருக்க வேண்டும். ஊரெல்லாம் கரைக்கு அப்பால் மேட்டில் இருக்கும். பிணைவீடு மட்டும் கரைக்கு உள்ளே, பள்ளத்தில். மேலே மதகு திறந்ததும் கீழே அந்த வீட்டுக் கதவு தானாக அடைத்துக்கொள்ளும்; வெள்ளம் கடந்தபிறகுதான் திறக்கும். மற்றபடி மதகுக்கு ஒரு பூட்டும் கிடையாது. சொந்த ரத்தத்தை எவனாவது முக்கிக் கொல்வானா என்ற நம்பிக்கையில் போட்ட சட்டம்.

நல்ல நம்பிக்கைதான், போங்கள்! சொந்தமே இல்லாத ஒருத்தி வந்து நிற்பாள் என்று எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்தச் சட்டம் வருவதற்குக் காரணமே பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளம். அன்று மதகுக்காவலராக இருந்தவர் மாசானமுத்து. கிழக்கே கீழைச்சரிவில் கொட்டிய மழையைப் பார்க்காமலே மதகைத் திறந்துவிட்டார். கீழைச்சரிவின் தண்ணீரெல்லாம் கல்லோடையில் இறங்கும். கல்லோடை சமவெளியின் தலைவாசலில் ஆற்றோடு கலக்கும். அணை வெள்ளத்தின் உச்சமான முகடும் ஓடை வெள்ளத்தின் முகடும் அங்கே ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. உலகம்மையின் புருஷனும் இரண்டு பெண்குழந்தைகளும் அந்தத் தண்ணீரில் போனார்கள். விசாரணையில் கவனக்குறைவு என்று எழுதினார்கள். கவனக்குறைவாம்! அடுப்பில் பால் பொங்கிப் போனாலும் அதே வார்த்தைதானே?

அவள் ஆற்றைப் படித்தாள். எந்தச் சரிவின் மழை எத்தனை மணியில் எங்கே வரும் என்பதை மனப்பாடம் செய்தாள். பள்ளத்தாக்கில் பாய்ந்து வருகிற நீர், மலையடிவார மணல்விரிவில் தயங்கி, சமவெளியில் நடைபோடும். அணையிலிருந்து, ஓடை கலக்கிற கூடுமுனைக்கு ஒன்பது மணி நேரம். காவலர் வேலை கிடைத்ததும் பிணைப் படிவத்தில் மாசானமுத்துவின் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் ‘பெரியப்பா’ என்று கூசாமல் பொய் சொன்னாள். கிழவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, பிணைவீட்டுக்குக் குடிபோனார். அது அன்றே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

ஆறு வருடம் கீழைச்சரிவு பெருமழை இல்லாமல் அவளை ஏமாற்றியது. நேற்று கொட்டித் தீர்த்துவிட்டது.

“அக்கா, ஓடையில போட்ட மிதவைக்கண் எல்லாம் செவப்பு காட்டுது” என்றாள் ஜெபராணி. “கல்லோடை முகடு சாயங்காலம் நாலு மணிக்குக் கூடுமுனைக்கு வரும். நாம மத்தியானம் தொறந்தா ராத்திரிதான் போய்ச் சேருவோம், பயமில்ல. அதுவரைக்கும் அணை தாங்கும்.”

ஏழு மணிக்குத் திறந்தால் சரியாக நாலு. ஊரைக் கரை காப்பாற்றிவிடும். பிணைவீடு கூரையோடு முழுகும். உலகம்மை அதை நூறு தடவை கணக்குப் போட்டிருந்தாள். ராஜினாமாக் கடிதம்கூட மேசை இழுப்பறையில் தயார். வேலை முடிந்ததும் கிளம்பிவிடலாம்.

“நீ போயி மேமதகுச் சங்கிலியப் பாத்துட்டு வா” என்று ஜெபராணியை வெளியே அனுப்பினாள். மணி ஆறு ஐம்பது. திறப்பதற்கு முன்னால் பிணையோடு பேசியே ஆக வேண்டும், அது விதி.

“மாசானமுத்து, நான் மதகு தொறக்கப் போறேன்.”

“தெரியும் தாயி. கெழக்க ராவெல்லாம் இடி. நாலு மணிக்கு ஓடை வந்துரும். நீ ஏழு மணிக்குத் தொறந்தீன்னா கச்சிதமா இருக்கும்.”

அவள் விரல் நெம்புகோலில் அப்படியே நின்றது.

“முப்பது வருசம் காவல் பாத்தவன், எனக்குக் கணக்கு தெரியாதா? எம்பேர நீ ஏன் எழுதினன்னு அன்னைக்கே புரிஞ்சிட்டு. அதனாலதான் கையெழுத்துப் போட்டேன். ஒம்புள்ளைக ரெண்டும் தெனமும் கண்ணுல வருது. குளிச்சு, வெளுத்த வேட்டி கட்டிட்டு ஒக்காந்திருக்கேன். தொற தாயி. இன்னைக்காவது எனக்கு நிம்மதி கெடைக்கட்டும்.”

நிம்மதி! பன்னிரண்டு வருடத்தில் ஒரு ராத்திரி முழுசாய்த் தூங்கியவள் இல்லை அவள். இந்த மனுஷன் வேட்டி மடிப்புக் கலையாமல் நிம்மதியாய்ப் போய்ச் சேருவாரா? அதையும் தன் கையாலேயே கொடுக்க வேண்டுமா?

மணி ஏழு. ஏழு ஒன்று. ஏழு ஐந்து.

“தாயி? நேரம் போவுதே!”

“போகட்டும். மத்தியானம்தான் தொறப்பேன்” என்றாள். “தண்ணி ஒம்ம வாசப்படி வரைக்கும் வரும், உள்ள வராது. ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தான் வரும். நீரு பாத்துட்டே இருக்கணும்.”

“வேண்டாம் தாயி… ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுதேன்…”

அவள் பெட்டியை அணைத்தாள். இழுப்பறையிலிருந்த ராஜினாமாவைக் கிழித்து, பணிநீட்டிப்புப் படிவத்தில் இன்னும் ஆறு வருடத்துக்குக் கையெழுத்திட்டாள். காவலர் மலையிலிருந்து இறங்கும்வரை பிணைக்கும் விடுதலை இல்லை.

மறுநாள் காலை ஆறு மணி. குரல்பெட்டி பேசவில்லை. ஆறு ஒன்று, ஆறு இரண்டு. ‘செத்துத் தொலைச்சிட்டானா? என்னை விட்டுட்டுப் போயிட்டானா?’ உலகம்மை நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றாள். இந்த உலகத்தில் அவள் பிள்ளைகளை நினைவில் வைத்து அவளிடம் தினமும் பேச வேறு ஒரு குரல் கிடையாது.

பெட்டி கரகரத்தது. அழுது அழுது கம்மிப்போன தொண்டை.

“இருக்கேன், தாயி.”

“இரும்” என்றாள் உலகம்மை. பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, சரிந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.