சுண்ணாம்பு பட்ட டம்ளர்

நவமணி டீச்சர் மாடிப்படி ஏறி வந்தபோது கார்த்திகேசு பாதி முகம்தான் மழித்திருந்தார். மறுபாதியில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. வந்தவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஐயா, அய்யாக்கண்ணுவைப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. திங்கக்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டு போனா அவ்வளவுதான். வேலையில்லாத ஆளு திருடினான்னு தீர்ப்பாச்சுன்னா நாடு கடத்திருவாங்க. அடுத்த கப்பல்ல நாகப்பட்டினம்."

"முதல்ல இருங்கோ, பிள்ளை," என்று நாற்காலியைக் காட்டினார் கார்த்திகேசு.

அவர் பினாங்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூண்டில் நிற்பவனின் பொய்யை ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லிச் சொல்லியே பொய்யின் வாசனை அவருக்குப் பழகிவிட்டது; ஊரில் ஏதாவது களவு போனால் அவரைத்தான் தேடி வருவார்கள். சூலியா தெருவில் ஹனீபாவின் தொப்பிக் கடைக்கு மேலே குடியிருந்தார். துப்பு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், ஹனீபா கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு வந்துவிடுவான். இப்போதும் வந்துவிட்டான். அந்த ஆசையில் பாதி தொப்பி விற்பதில் இருந்திருந்தால் அவன் இந்நேரம் சொந்தக் கார் வைத்திருப்பான்.

நவமணி சொன்ன கதை இது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறியதில் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாமல் போயினர். பள்ளியை மூடினார்கள். அங்கே கடைசிவரை பாடம் சொன்னவள் நவமணி. கட்டடம் வீணாகக் கிடப்பதைவிட ஊருக்குப் பயன்படட்டும் என்று அவள் பங்குச் சாமியாரிடம் கெஞ்சிக் கேட்டு, தமிழர் பொதுமன்றமாக மாற்ற அனுமதி வாங்கினாள். வாசகசாலை, பெண்களுக்குத் தையல், கூட்டம் போட ஓர் இடம். சாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையும் பித்தளை டம்ளர்களும் அங்கேயே இருக்க வேண்டும், உள்ளே வருகிற எல்லோரும் அவற்றில்தான் குடிக்க வேண்டும்.

மன்றத் தலைவர் அரிசிக் கடை மெய்யநாதன். கூரைக்கு ஓடு போட்டவர் அவர்தான். செயலாளர் சுப்பையா, துறைமுகத்தில் குமாஸ்தா. நிபந்தனைக்கு இருவரும் தலையாட்டினார்கள்.

அய்யாக்கண்ணு சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை போனவன். கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்து, பின்கட்டுக் கொட்டகையில் மனைவி ருக்குமணியோடும் பிள்ளைகளோடும் தங்கியிருந்தான். கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவனுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு நாய் கூடத் தெரியாது.

"நாளைக்குத் திறப்பு விழா. இன்னிக்குக் காலையில அடுக்குல பார்த்தா டம்ளர் எல்லாம் போயிடுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கெடக்கு. அதுல சுண்ணாம்பு விரல் தடம். அதைக் காட்டித்தான் தலைவர் புகார் குடுத்தாரு. அவர் புகாரைத் திரும்ப வாங்கினாத்தான் விடுவோம்ங்கறார் இன்ஸ்பெக்டர்."

"தடம் அவனுடையதுதானோ?"

நவமணி தலை குனிந்தாள். "அவனுதுதான். நேத்து மத்தியானம் நான்தான் தண்ணி மொண்டு குடுத்தேன். அண்ணாந்து குடிக்கப் போனான். இது இனிமே உன் மன்றமுந்தான்டா, வாய் வச்சுக் குடின்னேன். என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டு வாய் வச்சுக் குடிச்சான்."

"டம்ளரைக் கழுவேல்லையோ?"

"கழுவத்தான் எடுத்தேன். அவன் பார்த்துட்டே நின்னான். மனசு கேக்கல. அப்படியே அடுக்குல நடுவுல வச்சிட்டேன்."

"அப்போது வேறு ஆர் இருந்தது?"

"யாரும் இல்லைங்க. சுண்ணாம்பு காயறதுக்கு ஜன்னல் மட்டும் தொறந்து கெடந்துச்சு. ராத்திரியும் தொறந்துதான் கெடந்துச்சு. அவன் குடிச்சதை நான் யார்கிட்டயும் சொல்லல. போலீஸ்கிட்டகூட, டம்ளர் எடுத்துக் குடுக்க ஒத்தாசை பண்ணினான்னுதான் சொன்னேன். குடிச்சான்னு சொன்னா இன்னும் வம்பு பெருசாகும்னு பயமா இருந்துச்சு."

கார்த்திகேசு மறுபாதி முகத்தையும் மழித்து முடித்தார்.

பள்ளிக்கூடத்தில் ஈரச் சுண்ணாம்பின் வாடை மூக்கைத் துளைத்தது. மெய்யநாதனும் சுப்பையாவும் அங்கேயே இருந்தார்கள். சுவரில் நீளமான மர அடுக்கு. அதன் நடுவில் ஒற்றை டம்ளர். இரண்டு பக்கமும் காலி. போலீஸ்காரர்கள் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு டம்ளரை யார் தூக்கிச் சுமப்பது என்று விட்டுப் போயிருந்தார்கள்.

கார்த்திகேசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஹனீபா, அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டு."

ஹனீபா எடுத்துக் காட்டினான். வெள்ளையாக நான்கு விரலும் ஒரு கட்டை விரலும் பதிந்திருந்தன.

"இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?" என்றார் மெய்யநாதன். பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. "நான் இந்த வாரம் பூரா இந்தப் பக்கமே தலைகாட்டல. வந்து பார்த்தா இப்படி. அவன் வாய் வச்ச டம்ளர் ஒண்ணைப் போட்டுட்டு மிச்சத்தையெல்லாம் வாரிட்டுப் போயிட்டான். இந்த மாதிரி ஆளை உள்ள விட்டா இதான் நடக்கும். டீச்சருக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"நீங்கள் நேற்று எங்கே, சுப்பையா?"

"ஆபீஸ்லதாங்க. கப்பல் ஒண்ணு சாமான் எறக்கிட்டிருந்துச்சு. வீடு போய்ச் சேரவே இருட்டிருச்சு."

கார்த்திகேசு வேறு எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஹனீபா பொறுக்க மாட்டாமல், "அண்ணே, பித்தளைலா. எவனாச்சும் பழைய சாமான் கடையில தள்ளியிருப்பான். நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்," என்று ரிக்‌ஷாவில் ஏறிப் பறந்தான்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது வியர்த்து வழியத் திரும்பி வந்தான். எந்தக் கடையிலும் யாரும் ஒரு பித்தளைத் துண்டுகூடக் கொண்டு வரவில்லை. முகம் தொங்கியிருந்தது.

"நல்லது," என்றார் கார்த்திகேசு. "இனிப் போய் ஒரு பாதாளக்கரண்டி வாங்கி வா."

"கெணத்துல விழுந்த வாளி எடுக்கறதா? எதுக்குண்ணே?"

"பள்ளிக்கூடத்துப் பின்னால் பலகை போட்டு மூடிய கிணறு இருக்கிறது. பலகை மேல் சருகெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது."

மாலையில் மன்றத்தின் நடுவே ஒரு சாக்குப் பை கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பித்தளை டம்ளர்கள். மெய்யநாதன், சுப்பையா, நவமணி மூவரும் பழைய வகுப்பு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஹனீபா சாக்குக்குக் காவல் நிற்பதுபோல் நின்றான்.

"விற்பதற்கு எடுத்தவன் கிணற்றில் போட மாட்டான்," என்று தொடங்கினார் கார்த்திகேசு. "ஆகவே டம்ளர் வேண்டும் என்று எடுக்கவில்லை. இங்கே அது இருக்கக் கூடாது என்று எடுத்திருக்கிறான். வீட்டுக்கும் கொண்டு போகவில்லை. எல்லாச் சனமும் குடித்த டம்ளரை வீட்டுக்குள் கொண்டு போக அவனுக்கு மனமில்லை."

அவர் சுவர் அடுக்கைக் காட்டினார்.

"அந்த ஒற்றை டம்ளரைப் பாருங்கோ. அவசரத்தில் விட்டிருந்தால் ஓரத்தில் இருப்பதை விட்டிருப்பான். இது நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் எடுத்தவன் இதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். அய்யாக்கண்ணு எடுத்திருந்தால் தன் கைத்தடம் உள்ளதைத்தான் முதலில் ஒளித்திருப்பான். அவனைப் பிடித்துக் கொடுத்த தடமே அவன் எடுக்கவில்லை என்று சொல்கிறது. எடுத்தவனுக்கு அந்த டம்ளரை மட்டும் கையால் தொட முடியவில்லை."

"அப்படின்னா யாரு வேணும்னாலும் இருக்கலாமே," என்றார் சுப்பையா மெல்லிய குரலில். "நான்கூட..."

"நீங்களும்தான். ஆனால் சுண்ணாம்புத் தடம் கை பட்டதை மட்டும்தான் காட்டும். வாய் பட்டதைக் காட்டாது. நம் ஆட்கள் பொது டம்ளரில் அண்ணாந்துதான் குடிப்பார்கள். அவன் வாய் வைத்துக் குடித்தது அவனுக்கும் டீச்சருக்கும்தான் தெரியும். மூன்றாவதாக ஒருவர் தெரிந்துவைத்திருந்தார், ஜன்னல் வழியாகப் பார்த்தவர். நீங்கள் அந்நேரம் துறைமுகத்தில். இந்த வாரம் இந்தப் பக்கமே வரவில்லை என்ற தலைவர்தான், அவன் வாய் வைத்த டம்ளர் என்று காலையில் சொன்னார்."

ஹனீபா தொடையில் தட்டிக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்போல் மெய்யநாதன் நெளிவார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் நெளியவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில அந்த டம்ளரை எடுக்கச் சொன்னீங்களே, ஐயா. நீங்க ஏன் எடுக்கல? ஹனீபாவை ஏன் எடுக்கச் சொன்னீங்க?"

எத்தனையோ பேரின் பதிலைக் கோர்ட்டில் எடுத்துச் சொன்ன கார்த்திகேசு தன் பதிலைத் தேட வேண்டியிருந்தது. எழுதுகிற எனக்கே அந்த இடத்தில் வெட்கமாக இருக்கிறது.

"ஓம்," என்று ஒப்புக்கொண்டார் கடைசியில். "அதனால்தான் எனக்கு விளங்கியது."

"பொறகு என்னை மட்டும் நிக்க வச்சுக் கேக்கறீங்க. ஒரே பானை வச்சா நாளைக்கு எந்த வீட்டுப் பொம்பளையாவது இங்க வருவாளா? மன்றம் காலியாக் கெடக்கும். எனக்கு அவன் மேல கோவம் ஒண்ணும் இல்ல."

"கோவமே இல்லாமத்தான் ஒருத்தனைக் கப்பல் ஏத்தப் பாத்தீங்களா?" என்றாள் நவமணி.

"நான் இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்," என்றார் கார்த்திகேசு.

"சொல்லுங்க. தொடாம விட்டதுதான் சாட்சின்னா வெள்ளைக்காரனுக்கு என்ன புரியும்? வாய் வச்சதுன்னு நான் சொன்னேனா? யாரு கேட்டது? சுப்பையா, நீ கேட்டியா?"

சுப்பையா தரையைப் பார்த்தார். அவர் மகனுக்கு அரிசிக் கடையில் வேலை. ஹனீபா, "நான் கேட்டேன்," என்றான். மெய்யநாதன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. துப்பறிந்த தன் வார்த்தையும், தன் கூட்டாளியான தொப்பிக் கடைக்காரனின் வார்த்தையும் கோர்ட்டில் எத்தனை தூரம் போகும் என்று கார்த்திகேசுவுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கூண்டின் பக்கத்தில் நின்றே நரைத்தவர் அவர்.

"இப்பவே வேணும்னாலும் போறேன்," என்றார் மெய்யநாதன். "டம்ளர் கெடைச்சிருச்சு, பிள்ளைங்க வெளையாட்டுன்னு சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன். இன்னிக்கே வந்துருவான். ஆனா மன்றத்துல ரெண்டு பானை. பித்தளை ஒரு பக்கம், தகரக் குவளை ஒரு பக்கம். சாமியார் கேட்டா நீங்களே சம்மதிச்சதாச் சொல்லணும், டீச்சர்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான். பின்கட்டில் ருக்குமணியின் சின்னக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நவமணி கார்த்திகேசுவைப் பார்த்தாள். ஏதாவது வழி சொல்வார் என்று பார்த்தாள். அவரிடம் இருந்த அறிவெல்லாம் யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதோடு தீர்ந்துபோயிருந்தது.

"போய்ட்டு வாங்க," என்றாள் மெய்யநாதனிடம்.

பொழுது சாய்வதற்குள் அய்யாக்கண்ணு வந்துவிட்டான். இடது கன்னம் வீங்கியிருந்தது. ருக்குமணி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, டீச்சருக்குக் கும்பிடு போட உள்ளே வந்தான். உள்ளே சுப்பையா புதுப் பானை ஒன்றைப் பின்வாசல் ஓரமாக வைத்து, பக்கத்தில் தகரக் குவளையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அய்யாக்கண்ணு அதைப் பார்த்தான். முன்பக்கத்துப் பானையைப் பார்த்தான். கும்பிடப் போன கை பாதியில் நின்றது.

"இது எப்போ டீச்சர்?"

"இன்னிக்குத்தான்."

"நான் வெளிய வர்றதுக்கா?"

நவமணியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "எனக்கு வேற வழி தெரியலடா. உன்னைக் கப்பல்ல ஏத்திருவாங்களேன்னு..."

அய்யாக்கண்ணு கையை இறக்கினான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, டீச்சர்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

கதவோரம் நின்ற கார்த்திகேசுவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து டீச்சரைக் கேட்டார், தலைவரைக் கேட்டார், குமாஸ்தாவைக் கேட்டார். பழைய சாமான் கடைக்காரர்களைக்கூட ஹனீபாவை விட்டுக் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அய்யாக்கண்ணுவை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.