முதலும் கடைசியும் சொன்னால் போதும்

அந்த ஒரு கூடு மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து அணையவில்லை.

பசிந்து முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தான். காலையிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண்களை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தான். நூற்றெட்டு வெசாக் கூடுகள், எல்லாம் காகித விளக்குகள்போல் திரையில் வரைந்தவை, வரிசை வரிசையாகத் தொங்கின. நான்கு செக்கனுக்கு ஒருமுறை ஒரே மூச்சாக ஒளிர்ந்து மங்கின. கீழ்வரிசையில் இடது ஓரத்தில் இருந்தது மட்டும் படபடவென்று இமைத்துக்கொண்டிருந்தது.

வெசாக் போயா தினம், புத்தர் பிறந்த பௌர்ணமி. நுகேகொடையில் மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியிலிருந்த அந்த அலுவலகத்தில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் வெள்ளை உடுத்திக்கொண்டு விகாரைக்குப் போய்விட்டார்கள். கீழே தெருமுனையில் தன்சல் என்னும் தானப் பந்தல் போட்டிருந்த இளைஞர்கள் ஐஸ்கிரீம் தருகிறோம் வாருங்கள் என்று கொடியை ஆட்டி வாகனங்களை மறிக்கும் சத்தமும், எங்கோ ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டும், காலையில் பெய்த மழை கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் சத்தமும் மூடிய சன்னல் வழியாகத் தேய்ந்து வந்தன. மாலை ஆறரைக்கு, ஊரெல்லாம் விளக்கேற்றும் நேரத்தில், இந்த இணையப் பக்கமும் தானாகத் திறந்துகொள்ளும். மக்கள் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரை எழுதினால் அந்தப் பெயரில் ஒரு கூடு எரியும். புண்ணியம் செத்தவருக்குப் போய்ச் சேரும். ஒரு பெரிய வங்கி கொடுத்த வேலை. இப்போது மணி ஐந்து.

கதவு தட்டப்பட்டது. காவல்காரர் குணே பிளேன்டீயோடு நின்றார்.

"என்ன சேர், போயா நாளும் அதுவுமா தனியா இருந்து மாரடிக்கிறீங்க?"

"ஒரு லைட் சரியா வேல செய்யல்ல. அத முடிச்சிட்டுப் போறேன்."

குணே கோப்பையை வைத்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார். "உதேனி மிஸ்ஸோட பேருக்கு எது சேர்?"

பசிந்துவின் கை மௌஸின் மேல் நின்றது. "இன்னும் போடல்ல."

"பெரியவர் போடச் சொன்னாரே. முதல் கூடே அவவுக்குத்தான் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னாரே."

"நேரமில்ல குணே. பிறகு பார்ப்போம்."

"பேர் சொல்லிப் புண்ணியம் குடுக்காட்டி செத்ததுகள் பசியோட அலையும் சேர்." குணே சிரிக்காமல் சொன்னார். "வெளியில போக வழி தெரியாம, கடைசியா இருந்த இடத்திலேயே சுத்தும்."

அவர் படியிறங்கிப் போன பிறகு பசிந்து தேநீரைத் தொடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு ஒரு வருடமாக அது குறுகுறுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்காக ஒரு நாளும் சோறு குறையவில்லை, தூக்கம் குறையவில்லை. அப்படிப்பட்ட நெஞ்சு.

வேலையில் இறங்கினான். கோளாறு பார்ப்பதில் அவன் கெட்டிக்காரன், அதை மறுப்பதற்கில்லை. அந்தக் கூட்டைத் தேர்ந்தெடுத்து அதன் விதிகளைத் திறந்தான். கால அளவு நான்கு செக்கன், சரி. தாமதம் இல்லை, சரி. அசைவின் பெயர் 'இமை', அதுவும் சரி. பிறகு அந்தப் பெயரை முழுக் கோப்பிலும் தேடினான். இரண்டு இடத்தில் வந்தது. 'அப்பாடா' என்று வாய்விட்டே சொன்னான். ஒரே பெயரில் இரண்டு அசைவு எழுதியிருந்தால் பிரவுசர் இரண்டையும் கலக்காது. பின்னால் எழுதியது எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும். இந்தத் துறையில் இருக்கும் சோம்பேறிகள் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான்: போன வருடக் கோப்பை அப்படியே நகலெடுத்து, வருடத்தை மட்டும் மாற்றியிருந்தான். அதன் அடியில் போன வருடத்து 'இமை' அழியாமல் கிடந்தது. அப்படியானால் நூற்றெட்டுமே படபடத்திருக்க வேண்டும் என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

அதைப் பார்த்ததும் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். ஏனென்றால் அது அவன் எழுதியது.

போன வருடம் இந்தக் கூடுகளின் தோரணத்தைச் செய்தவள் உதேனி. அசைவின் ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்தில் சின்னக் குறிப்பு எழுதி வைப்பது அவள் பழக்கம்: பூச்சிய சதவீதத்துக்கு எதிரே 'இங்கே தூங்குகிறது', நூறு சதவீதத்துக்கு எதிரே 'இங்கே விழிக்கிறது'. "முதலும் கடைசியும் சொன்னாப் போதும் மச்சான், நடுவுல இருக்கிறத பிரவுசர் தானே நிரப்பிக்கும்" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். குழுத் தலைமைப் பதவி ஒன்று காலியாக இருந்தது. அது அவளுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு வலிப்பு இருந்தது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். நம்பிச் சொல்லியிருந்தாள். "வேகமா இமைக்கிற வெளிச்சம்தான் எனக்கு ஆகாது. அதனாலதான் நாலு செக்கன் வச்சிருக்கேன். என்னை மாதிரி எத்தனை பேர் பார்ப்பாங்களோ."

அதைப் பார்க்க வங்கிக்காரர்கள் வந்த காலையில், அவள் முகம் கழுவப் போன ஐந்து நிமிடத்தில், அவளுடைய கணினியில் உட்கார்ந்து பசிந்து கோப்பின் அடியில் இன்னொரு 'இமை' எழுதினான். கால அளவைச் செக்கனில் ஆறில் ஒரு பங்காக்கினான். கூட்ட அறையில் விளக்கை அணைத்து, ப்ரொஜெக்டரில் சுவர் முழுக்கத் தோரணத்தைக் காட்டியவனும் அவன்தான். அவமானப்படட்டும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உதேனி விழும்போது கண்ணாடி மேசையின் மூலை அவள் பிடரியில் இறங்கியது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாள். கடைசியாகக் கோப்பை மாற்றியது அவள் பெயரில்தான் பதிவாகியிருந்தது. சாவு வீட்டில் அவளுடைய அப்பா இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ட மகள் அப்படிப் பிழை விடுறவள் இல்லையே தம்பி?" என்று கேட்டார்.

"களைப்பா இருந்திருப்பா, மாமா" என்றான் இவன். நாக்கு கூசவில்லை. அடுத்த மாதம் பதவியும் வந்தது.

அடியில் கிடந்ததை இப்போது அழித்தான். சேமித்தான். பக்கத்தைப் புதுப்பித்தான். நூற்றெட்டுக் கூடுகளும் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக மங்கின. ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாம் முறை எல்லாம் இருண்டபோது இடது ஓரத்துக் கூடு இருளவில்லை. படபடவென்று இமைத்தது.

பிரவுசர் பழைய பிரதியைப் பிடித்து வைத்திருக்கும் என்று நினைத்து அதையெல்லாம் துடைத்தான். வேறு பிரவுசரில் திறந்தான். போனில் திறந்தான். எல்லாவற்றிலும் அதே கூடு, அதே துடிப்பு. போனையும் திரையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரு நூலிழைகூடப் பிந்தாமல் சேர்ந்தே இமைத்தன.

இந்த அலுவலகத்தில் அசைவு ஒன்று அடங்காவிட்டால் அதை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தான். மற்றக் கூடுகள் தூங்கி வழிவதுபோல் ஆயின. ஓரத்துக் கூடும் இப்போது நிதானமாக இமைத்தது: வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனான். இருட்டு என்று அவன் நினைத்திருந்தது இருட்டு இல்லை. அது கூந்தல். காகிதத்துக்கு அந்தப் பக்கம் யாரோ முதுகைக் காட்டி நிற்க, ஒவ்வொரு இமைப்பிலும் தலை கொஞ்சம் கொஞ்சமாக இவன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். அப்போதுதான் அந்த வாசனை எட்டியது. வெளிச்சம் கண்ணைக் குத்தும் நாட்களில் உதேனி நெற்றிப்பொட்டில் தடவிக்கொள்ளும் மூலிகைத் தைலம். கற்பூரமும் கசப்புமாக, தேநீரின் மணத்தை மூடிக்கொண்டு, தன் சட்டைக் கழுத்திலிருந்தே வருவதுபோல் வந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தான். இருபது காலிக் கதிரைகள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கூட்ட அறை. அதன் மூலை உடைந்த மேசையை இந்த வருடமும் யாரும் மாற்றவில்லை.

அலுவலகத்தின் தலைவர், பெரியவர் சுஜீவவுக்குப் போன் செய்தான். பின்னணியில் பிக்குகள் பிரித் ஓதும் சத்தம்.

"அண்ணே, பக்கத்தை இன்னிக்குத் திறக்க வேண்டாம். ஒரு கோளாறு."

"என்ன பேய்க்கதை கதைக்கிற? வங்கித் தலைவர் போனைக் கையில வச்சிட்டு இருக்கார்டா. உன்னால ஏலாட்டிச் சொல்லு, வேற ஆளைப் போட்டு அந்தக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து பார்க்கச் சொல்றேன்."

"வேண்டாம் அண்ணே." வேறு ஆள் தொடக்கத்திலிருந்து பார்த்தால் போன வருடம் அவள் முகம் கழுவிய அந்த ஐந்து நிமிடமும் வெளியே வரும். "நானே முடிக்கிறேன்."

எல்லா அசைவையும் நிறுத்தினான். ஒரே வரி: அசைவு எதுவும் இல்லை. நூற்றேழு கூடுகள் அப்படியே நின்றன. ஒன்று நிற்கவில்லை. இணையக் கம்பியைப் பிடுங்கினான். இமைத்தது. கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினான். விசிறி நின்றது. மேசைக்கு அடியில் பச்சை விளக்கு அணைந்தது. செத்த கணினியில் திரை மட்டும் எரிந்தது, அதில் அந்தக் கூடு இமைத்தது.

பெயர். பெயரைக் கொடுத்துவிடலாம். அவளுக்கு வேண்டியது அதுதானே? அந்தக் கூட்டின் பெயர்ப்பெட்டியில் உதேனி என்று அடித்தான்; செத்த கணினி அதையும் எழுதிக்கொண்டது. "மன்னிச்சிடு" என்று வாய் முணுமுணுத்தது. பயத்தில் வந்த மன்னிப்பு; வேறொன்றும் அதில் இல்லை. பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அழிந்தன. புதிதாக எழுத்துகள் விழுந்தன.

பசிந்து. மறைவு: வெசாக் போயா, மாலை 6.30.

மணி ஆறு இருபத்தெட்டு.

கதவுக்கு ஓடினான். கைப்பிடி திரும்பியது, கதவு திறக்கவில்லை. "குணே! குணே!" என்று கத்தினான். கீழே பக்திப் பாட்டு உச்சத்தில் இருந்தது. திரும்பினான். திரையில் கோப்பு தானாகத் திறந்திருந்தது. அடியில், அவன் அழித்த இடத்தில், புதிய அசைவு. இரண்டே நிலை. பக்கத்தில் சின்னக் குறிப்புகள்.

பூச்சியம் சதவீதம்: பசிந்து கதிரையில்.

நூறு சதவீதம்: பசிந்து தரையில்.

நடுவில் ஒன்றும் இல்லை.

அதற்குக் கீழே, எத்தனை தடவை என்ற வரியில் ஒன்று என்று இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒன்று அழிந்தது. முடிவில்லை என்று எழுதிக்கொண்டது.

எப்படி உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. கதிரையில் இருந்தான். கதிரை கூட்ட அறையில் இருந்தது.

ஆறரை. தெருவில் விளக்குகள் ஏறின. ஊரே கைகூப்பி 'சாது, சாது' என்றது. சுவர் முழுக்கத் தோரணம் விழுந்தது. இமைத்தது. வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். ஒவ்வொரு வெளிச்சத்திலும் அவள் ஒரு அடி கிட்ட. தைல வாசனை. குளிர்ந்த விரல்கள் அவன் தாடையைப் பிடித்தன. இமை மூட விடவில்லை.

"பாரு மச்சான்" என்றது காதருகே. "நீ செஞ்சதுதானே. நல்லாத்தான் செஞ்சிருக்கே. பாரு."

கை வெட்டி இழுத்தது. பிறகு கால். பல் நாக்கில் இறங்கியது. இரும்பு ருசி. கதிரை சாய்ந்தது. மேசையின் மூலை தெரிந்தது. கிட்ட வந்தது. மெதுவாக வந்தது. மிக மெதுவாக, நடுவில் ஒரு இம்மிகூட விடாமல்.

பிடரி.

தரை.

இருட்டு.

பிறகு காகிதம். நான்கு பக்கமும் மெல்லிய வெள்ளைக் காகிதம், மூங்கில் சட்டம், தலைக்கு மேல் ஒரு விளக்கு. அவன் கதிரையில் இருந்தான். காகிதத்துக்கு வெளியே, சுவரளவு பெரிதாக, ஒரு முகம் குனிந்து பார்த்தது. குணே. தெருமுனைத் தன்சலில் ஒரு கையில் ஐஸ்கிரீமும் மறு கையில் போனுமாக நின்றார். அவருக்குப் பின்னால் வெள்ளை உடுத்திய கூட்டம், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பெரிய முகம்.

"இந்தா பாருங்க, எங்க ஒபீஸ்ல செஞ்சது" என்று குணே பக்கத்திலிருந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். "ஓரத்தில ஒரு கூடு, உள்ளுக்கு நிழல் ஆடுது பாருங்க. ஒரு மனுசன் கதிரையிலேருந்து விழுறான், எழும்புறான், விழுறான். என்ன வடிவா செஞ்சிருக்கிறாங்க."

பசிந்து கத்தினான். காகிதம் அசையவில்லை. கை வெட்டத் தொடங்கியது. மூலை எங்கே இருக்கிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும், எந்த நொடியில் வரும் என்றும் தெரியும். அது வந்தது. பிறகு மறுபடி கதிரை.