கைப்பிடிச் சுவரில் ஒரு கேபிள் சுருள்

"நீங்கதானா அந்த ஆளு?"

மாடி அறைக் கதவைத் திறந்ததுமே வந்து விழுந்த கேள்வி. கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்களைச் சோதிப்பதுதான் அவன் தொழில். ஆனாலும் இப்படி இரண்டு கண்களை... அடேயப்பா! மை இல்லை. கோபம் மட்டும் தாராளமாக இருந்தது.

"எந்த ஆளுங்க?"

"'நான் பேசுறது கேக்குதா, கேக்குதா'ன்னு என் கீபோர்டு ஸ்பீக்கர்ல பேசுற ஆளு! கிளாஸ் நேரத்துல ஆம்பளைக் குரல் வந்தா, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற அம்மாங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பக்கத்து வீட்டு கீபோர்டு டீச்சர். பின்னால் அவள் அப்பா, ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. ஆயுள் முழுக்க அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே பழகியவர். அவன் தோளுக்கு மேலே எட்டி, மேசையில் இருந்த ரேடியோ செட்டையும் மைக்கையும் ஒரு நோட்டம் விட்டார்.

"யாருக்குத் தம்பி தகவல் அனுப்புறே?"

"அமெச்சூர் ரேடியோ சார். லைசென்ஸ் இருக்கு. தூரத்துல யாராவது கிடைச்சா, அங்க மழையா, குரல் தெளிவா இருக்கான்னு கேப்போம். அவ்வளவுதான்."

"மழையான்னு கேக்க இம்மாம் பெரிய கம்பியா?" அவர் துளியும் நம்பவில்லை. "இன்னொரு தடவை உன் குரல் என் வீட்ல கேட்டுச்சு... உன் வீட்டு ஓனர்கிட்ட சொல்லி கம்பியை இறக்கிடுவேன், ஆமா!"

அவனுக்குப் பகீரென்றது. மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கட்ட விடுகிற வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆனாலும் வீம்பு விடுமா?

"என் மேல தப்பில்லீங்க. மீட்டரைப் பாருங்க, எல்லாம் சரியா காட்டுது."

"அப்போ என் ஸ்பீக்கர்தான் பொய் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு அவள் விறுவிறுவென இறங்கிப் போனாள்.

அந்தக் கேள்வி அவனைத் தூங்க விடவில்லை. அவள் சொன்னது நியாயம்தானே! நீளக் கம்பியைக் கேபிளோடு நேரடியாக முறுக்கிவிட்டு, செட்டுக்குப் பக்கத்தில் இருந்த டியூனர் குமிழைத் திருகித் திருகி மீட்டரைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தான். முள் சரியாக நின்றது. மாடியில் நடந்த கூத்து முள்ளுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மாடிகளுக்கும் பொதுவான கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கம்பிக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்த ஆரம்பித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்தவள், காயப்போடாமலே நின்றாள்.

"என்ன பெட்டி இது? வெடிக்காதே?"

"வெடிக்காதுங்க. இந்தக் கம்பியும் கேபிளும் நேரடியா ஒத்துப்போகாது. நடுவுல இது இருந்தாத்தான் பவர் கம்பிக்கு ஏறும். இல்லேன்னா கொஞ்சம் திரும்பி வரும், கொஞ்சம் கேபிளோட மேல்தோல்லயே ஓடி, உங்க சுவரோரமா வந்து..."

"என் ஸ்பீக்கர்ல குடியேறிடும்."

"அதேதான்! அதைத் தடுக்கத்தான் கேபிளை இப்படிச் சுருளாக் கட்டுறேன்."

"சுருளை அவிழ்த்தா?"

"மறுபடியும் உங்க வீட்ல நான்தான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ஈரத் துணியை உதறினாள்... முகத்தில் தெறித்தது தண்ணீரா, சிரிப்பா?

அதற்குப் பிறகு அவன் குரல் கடல் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டில் நிசப்தம். எல்லாம் சுபம் என்று நினைத்தபோதுதான், சாயங்காலங்களில் மீட்டர் முள் தடுமாற ஆரம்பித்தது. மேலே போய்ப் பார்த்தால் சுருள் சுருளாகத்தான் இருந்தது. ஆனால் முடிச்சு அவனுடையது இல்லை. அவன் போடுவது இறுக்கமான கட்டு. இதுவோ, ரிப்பன் கட்டுவது போல இரண்டு காது வைத்த முடிச்சு!

யாரோ அவிழ்க்கிறார்கள். அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறார்கள். பூனையா? பூனைக்கு முடிச்சுப் போடத் தெரியாது. சுங்க அதிகாரிதான்... சந்தேகமே இல்லை! அவர் வாக்கிங் கிளம்பும் நேரத்தில்தான் முள் ஆடுகிறது. வாக்கிங்கே நாடகமாக இருக்கும். தெருவில் பார்த்தால் டீச்சர் வேறு சிரிக்கிறாள். அப்பாவும் மகளும் சேர்ந்து குழி பறிக்கிறார்களோ? அந்த நினைப்பு மட்டும் அவனுக்கு ஏனோ வலித்தது.

அன்று சாயங்காலம் வெளியூர் நண்பரான ஒரு பல் டாக்டரோடு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தான். முள் ஆடியது. வெளியே சடசடவென்று மழை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கர்ஜனை.

"மழைன்னு பாதியில திரும்பி வந்தா, என் வீட்ல அவன் குரல்! நாளைக்குக் காலைல கம்பி இறங்கியாகணும்!"

வீட்டுக்குள் கத்துபவர் மாடியில் எப்படி இருக்க முடியும்? டாக்டரை "ஒரு நிமிஷம்" என்று நிறுத்திவிட்டு வெளியே பாய்ந்தான்.

கைப்பிடிச் சுவரோரம் அவள். தொப்பலாக நனைந்து, கட்டுக் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, பாதிச் சுருட்டிய கேபிளோடு.

"நீங்களா...? என் கம்பி போகுதுங்க! அப்படி என்னங்க பண்ணேன் உங்களுக்கு?"

அவள் கயிற்றை எடுத்தாள். இமைகளில் மழை சொட்டியது.

"வீடு ரொம்ப அமைதியா போச்சு... தினமும் 'கேக்குதா, கேக்குதா'ன்னு கேப்பீங்களே. பதில் சொல்லணும் போலவே இருக்கும். அப்பா வர்றதுக்குள்ள திரும்பக் கட்டிடுவேன். இன்னைக்கு மழை காட்டிக்கொடுத்துடுச்சு."

இத்தனை நாள் சந்தேகமும் அவனுக்கு ஒரே நொடியில் கரைந்துபோனது.

"கொடுங்க, கட்டிடறேன்."

"வேண்டாம். அவிழ்ந்தே இருக்கட்டும்." விடுவிடுவென்று சுவரைத் தாண்டி அவன் அறைக்குள் போனாள். "மைக்ல எதை அழுத்தணும்?"

"ஐயோ, நான் பக்கத்துல இல்லாம நீங்க பேசக் கூடாதுங்க..."

"அப்போ பக்கத்துல இருங்களேன்!"

அழுத்தினாள். குரல் நடுங்கவில்லை.

"அப்பா... ஸ்பீக்கர் பக்கத்துலதானே நிக்கறீங்க? கேபிளை அவிழ்த்தது நான்தான். நீங்களா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கு இவர் குரல் வேணும்... இவரும் வேணும்."

பொத்தானை விட்டாள். இரைச்சலுக்கு நடுவிலிருந்து, காத்திருந்த பல் டாக்டரின் குரல் மட்டும் எழுந்தது.

"ரொம்பத் தெளிவா கேக்குது! நீங்க வேணும்னு சொன்ன மனுஷன் என்ன சொல்றாரு?"

அவன் அவள் விரல் மேலேயே விரல் வைத்து அழுத்தினான்.

"எனக்கும் நீங்கதாங்க வேணும்."

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து மாடியிலிருந்து குடையோடு ஓர் அதட்டல் வந்தது.

"ரெண்டு பேரும் கீழ வாங்க! கஸ்டம்ஸ்லயே தானா வந்து சொன்னவங்களை நான் என்னைக்குமே பிடிச்சு வச்சதில்லை... ஆனா தம்பி, அந்தச் சுருளை ஒழுங்காக் கட்டிட்டு வா!"