போடாமல் விட்ட ஊசி

றிஸ்மி காதுக்குப் பின்னால் சொறிந்தான். கடிபட்டது காலில், கை போனதோ காதுக்கு. அவன் மனைவி றஸ்னாவுக்கு அது என்னவோ சரியாகப் படவில்லை.

காலையில் வயல் வரம்பில் அவனை முத்திரைப் புடையன் பாம்பு தீண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களின் வரிசை கேற் வரை நீண்டு கிடந்தது. ஹார்ட் வருத்தம் என்றால் வரிசை பார்க்காமல் உள்ளே எடுப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. புருஷனின் கால் வீங்குவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண் நியாயம் பேசுவாள்? "இவருக்கு ஹார்ட் வருத்தமும் இரிக்கி!" என்று கத்தினாள். டொக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இப்போது விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் கூரைத் தகரம் முறுகும் சத்தம், டெற்றோல் வாடை, பக்கத்துக் கட்டிலில் யாரோ மிச்சம் வைத்த சோற்றின் புளித்த மணம், சுவரில் ஆடிய போத்தலின் நிழல் என்று இத்தனைக்கும் நடுவில் மருந்து சொட்டுச் சொட்டாக விழுவது மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்டது. தாதி கஜனி மூன்றாம் தரமும் வந்து அவன் நாடியைப் பிடித்தாள்.

"ஏன் மிஸ்ஸி அடிக்கடி வந்து பாக்கிறீங்க?"

"இந்த மருந்து சில பேருக்கு ஒத்துக்கொள்ளாதம்மா. அதத் தடுக்கத்தான் முதல்ல தோலுக்குக் கீழ சின்ன ஊசி ஒண்டு போடுறது. ஹார்ட் வருத்தக்காரருக்கு அது ஆபத்து. அதான் டொக்டர் இவருக்கு வேணாமெண்டவர்."

றஸ்னா எழுந்தாள். சொல்லிவிட வேண்டும். சொன்னால், பொய்க்காரி என்று எல்லோர் முன்னாலும் துரத்திவிட்டால்? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவள் நிற்க, கஜனி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். றஸ்னா முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஓதினாள். ஓத ஓத வார்த்தை மறந்தது.

"புள்ள," என்றான் றிஸ்மி. குரல் கரகரத்தது. "மேலெல்லாம் என்னமோ ஊருது."

அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தடிப்பு. உள்ளங்கை அகலத்தில் சிவப்பாக. அவள் பார்க்கப் பார்க்க ஒன்றோடொன்று சேர்ந்தது. கழுத்துக்கு ஏறியது.

"மிஸ்ஸீ! நான் பொய் சென்னன்! இவருக்கு ஹார்ட் வருத்தம் ஒண்டுமில்ல!"

கஜனி ஓடிவந்து மருந்து இறங்கும் குழாயைப் பூட்டினாள். அவன் தொடையில் ஊசி குத்தினாள். "பாம்புக்கடியெண்டாலே நாங்க உள்ள எடுப்பமேம்மா!" என்றாள்.

டொக்டர் வந்தார். இன்னொரு ஊசி. ஒட்சிசன். இன்னொரு ஊசி.

றிஸ்மியின் உதடு வீங்கியது. நாக்கு வாயை நிரப்பியது. இமைகள் மூடி, ஒரு கீற்று மட்டும் மிஞ்சியது. அந்தக் கீற்றால் அவளையே பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தொண்டையில் விசில் சத்தம். மெலிந்தது. நின்றது.

டொக்டர் வெகுநேரம் நெஞ்சை அழுத்தினார். பிறகு கையை எடுத்தார். மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்தார்.

றஸ்னாவின் கை இன்னும் அவன் பிடியில் இருந்தது.

கஜனி குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்ன விரல். மோதிர விரல். நடுவிரல். சுட்டுவிரல்.

பெருவிரலைப் பிடித்தபோது, சின்ன விரல் மெதுவாக மறுபடியும் றஸ்னாவின் மணிக்கட்டில் மடங்கியது.