கழுவிய காது

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் நான் காதைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் பாட்டோடு வேறு ஏதோ கொஞ்சம் போயிருக்கும். என்ன போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அன்று மதியம் நால்வரும் பிரியாணி சாப்பிட்டோம் என்று நான் நினைக்கிறேன். தான் அன்று நோன்பு என்கிறார் ஷாகுல். அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். ஆனால் அஞ்சுகம் பேசியதை அன்றே தாளில் எழுதினேன். அதில் பிழை இல்லை.

பெரம்பூரில் லூர்துவின் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. டிசம்பர் மூன்றாம் ஞாயிறு அங்கே கூடுவோம். ஊரில் மற்றவர்கள் சபா சபாவாக ஏறி இறங்கும் மாதம். நாங்கள் அந்த ஆண்டு வந்தவற்றில், கம்பெனி சாராமல் தனியாட்கள் செய்யும் இண்டி, மயக்கத்தில் கேட்பதுபோல் ஒலிக்கும் சைகடெலிக் ஆல்பங்களில் பத்தைப் பொறுக்கி, ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்துவோம். ஷாகுல் பள்ளியில் கணக்கு வாத்தியார். அஞ்சுகம் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. நான், அரசு, பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். சண்டை போட மூன்று பேர், எழுதிக்கொள்ள ஒருவர். அதுதான் எங்கள் ஏற்பாடு.

முதற்செவி வந்த பிறகு சண்டைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. அது தலையில் மாட்டும் மெல்லிய வளையம். கேட்ட ஆல்பத்தை மறுபடி ஒருமுறை ஓடவிட்டால், மூளையில் அது எங்கெல்லாம் தடம் விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் நரம்புகள் விழித்துக்கொள்ளும். வளையம் அவற்றைத் தேடித் தேடி உறங்கவைத்துவிடும். கடைசிப் பாட்டு முடியும்போது, நீங்கள் அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்லை. அதைப் பற்றிப் பேசியதும் போயிருக்கும். இதைத்தான் காதைக் கழுவுவது என்போம். மறுநாள் புதிதாகக் கேட்கலாம். முதலில் மக்கள் அதைச் சுகத்துக்காகப் பயன்படுத்தினார்கள். பிடித்த பாட்டை வாராவாரம் முதல்முறையாகக் கேட்டார்கள். பிறகு அது நேர்மையின் அளவுகோலாக ஆயிற்று. பாட்டால் பிடித்ததா, பழக்கத்தால் பிடித்ததா? கழுவாத காது சொல்வதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பொது இசைக்கிடங்கும் அதையே விதியாக்கியது. எந்திரங்கள் நாளுக்கு லட்சம் ஆல்பம் செய்யத் தொடங்கியதும் கிடங்கு நிரம்பிவிட்டது. மனிதர் செய்த ஆல்பம் தங்கவேண்டுமென்றால், கழுவிய காதுகள் மூன்று சேர்ந்து தரும் பட்டியலில் ஏறவேண்டும். ஏறாதது பொங்கலுக்குள் அழிக்கப்படும். அடுக்களையிலும் மொட்டைமாடியிலும் செய்யப்படும் இந்த மாதிரி ஆல்பங்களைக் காது கொடுத்துக் கேட்ட பட்டியல், எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.

நான்காமவர் பதிவாளர். ஆண்டுக்கு ஒருவர் முறை. அவர் கழுவிக்கொள்வதில்லை, ஓட்டும் இல்லை. பெயர்களை மறைத்து எண்களாக ஆல்பங்களை ஓடவிடுவார், வாதங்களை எழுதுவார். ஒரு குறிப்பும் கொடுக்கக்கூடாது. மூலையில் கிடங்கின் சாட்சிப்பெட்டி கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கும். பதிவாளர் ஒரு சொல் நழுவவிட்டால் பத்தும் செல்லாது. இந்த விதியைப் போடச்சொல்லிக் கிடங்குக்கு எழுதியது அஞ்சுகம்தான். அந்த ஞாயிற்றுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு லூர்து பதிவாளராக இருந்தபோது, நண்பரின் மகன் பாட்டுக்கு மட்டும் தலையாட்டினார் என்று கோபம்.

அந்த ஆண்டு பதிவாளர் நான்.

அந்த ஆண்டுதான் அஞ்சுகத்தின் தம்பி தணிகை ‘ஈரச்சுவர்’ ஆல்பத்தைச் செய்தான். இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. டயாலிசிஸ் இல்லாத நாட்களில், கொளத்தூரில் அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து ஏழு மாதம் பதிவு செய்தான். ஆர்மோனியத்தை எதிரொலிக்குள் விட்டான். கிட்டாரைப் பின்னோக்கி ஓடவைத்தான். தன் குரலைப் பாதி வேகத்துக்கு இழுத்தான். நீருக்கடியிலிருந்து ஒருவர் பேசுவதுபோல் இருக்கும். மூன்றாவது பாட்டில் குக்கர் விசில் அப்படியே இருக்கிறது. ஆறாவது பாட்டில் அஞ்சுகம் முனகுகிறாள். ஒரு கையில் மைக், மறு கையில் கரண்டி. அக்டோபரில் தணிகை இறந்தான்.

கழுவுவதற்கு ஒரு வாரம் முன்பு அவள் வீட்டுக்குப் போனேன்.

“இந்த வருஷம் நீ பதிவாளரா உக்காரு. நான் கழுவிக்கிறேன்,” என்றேன்.

“உன் ஓட்ட நம்பியா?” என்றாள். “உனக்கு மழைச் சத்தம் ரெண்டு நிமிஷம் வந்தா போதும் அரசு, முதலிடத்தத் தூக்கிக் குடுத்துருவ.”

“வெளையாடாத.”

“நான் கழுவாம உக்காந்தா என்ன பேசுவாங்க? அக்காக்காரி பக்கத்துல இருந்து தம்பிய உள்ள தள்ளிட்டாம்பாங்க. அவனே சொன்னான். பாசத்துல உள்ள வர வேணாம்க்கா, கழுவிட்டுக் கேளுன்னான்.”

“ஒருவேள பிடிக்கலன்னா?”

குழாயில் தண்ணீர் வந்து, குடம் நிறைந்து, வழியத் தொடங்கிய பிறகுதான் எழுந்து மூடினாள்.

“ஏழு மாசம் இதே எடத்துல நின்னு கேட்டிருக்கேன். இந்தக் காதுக்கு அது கூடவா தெரியாமப் போகும்?”

“பிரதிதான் உன்கிட்ட இருக்கே.”

“என்கிட்ட இருந்தா போதுமா? அவன் எனக்காகவா பாடினான்?”

சனிக்கிழமை நான்தான் வளையத்தை மாட்டிவிட்டேன். இறுதிச் சுற்றில் பன்னிரண்டு ஆல்பங்கள். ‘ஈரச்சுவர்’ பதினொன்றாம் எண். ஆறாவது பாட்டு வந்தபோது அஞ்சுகத்தின் உதடு அதன் முனகலோடு சேர்ந்து அசைந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. உதடு பாதியில் நின்றுவிட்டது.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கினோம். மூவர் முகத்திலும் புதிதாகக் கேட்பவர்களின் வெளிச்சம். மாலை நான்கு மணிக்குள் ஒன்பது இடங்கள் சண்டையோடு முடிந்தன.

“இது சைகடெலிக்கா?” என்று இரண்டாம் எண்ணைப் பற்றி ஷாகுல் கேட்டார். “காய்ச்சல்ல படுத்தவன் ஃபேனப் பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு.”

“அதாம்பா சைகடெலிக்கு. உன் கணக்கு பொஸ்தகத்துல வராது,” என்றார் லூர்து. இரண்டாம் எண் நான்காம் இடத்துக்குப் போனது.

கடைசியில் பத்தாம் இடம் மட்டும் மிச்சம். ஏழாம் எண்ணை மூவருமே ஒதுக்கிவிட்டார்கள். ஐந்தும் பதினொன்றும் நின்றன. ஷாகுல் ஐந்தின் பக்கம், லூர்து பதினொன்றின் பக்கம். இருவரும் அஞ்சுகத்தைப் பார்த்தார்கள்.

“அஞ்சுல ஒரு பாட்டுகூட வீண் இல்ல,” என்றார் ஷாகுல். “எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவங்க.”

“பதினொண்ணுல ஒர்த்தன் சாவப்போறான்பா. கேக்கல உனுக்கு? மூச்சு எங்க வாங்குறான் பாரு.”

“மூச்சு வாங்கறதுக்கெல்லாம் எடம் குடுத்தா ஆஸ்துமாக்காரங்க அத்தன பேரும் பத்துக்குள்ள வந்துருவாங்கண்ணே.”

மூவரும் சிரித்தார்கள். அஞ்சுகம்தான் அதிகம் சிரித்தாள்.

“எனக்கும் அதான் தோணுது,” என்றாள். “மூணாவதுல குக்கர் விசில் எதுக்கு? வீட்டுல செஞ்சோம்னு காட்டிக்கறதுக்கு வேணும்னே வெச்சது. ஆறாவதுல பின்னாடி ஒரு பொம்பள முனகறாளே, சுருதியே சேரல. அவள யாரு கூப்பிட்டா?”

என் பேனா நின்றது.

“என்ன, பதிவாளர் மூஞ்சி செத்துப்போச்சு?” என்று கேட்டாள்.

“தண்ணி குடிக்கணும்,” என்றேன்.

சாட்சிப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் பதினொன்று பிழைக்காது. மற்ற ஒன்பதும் அதோடு போகும். அந்த ஒன்பதையும் யாரோ எங்கோ ஒரு சமையலறையில் நின்று செய்திருப்பார்கள். தண்ணீரை மெதுவாகக் குடித்தேன்.

லூர்து அவளைக் கெஞ்சவே தொடங்கிவிட்டார். “இன்னொரு தபா கேளும்மா அஞ்சுகம். கண்ண மூடிகினு கேளு. எனுக்கு என்னமோ பண்ணுது அது.”

“ரெண்டாந்தடவ கேட்டா எதுதான் பிடிக்காது லூர்தண்ணே? அதுக்கா காதக் கழுவுனோம்?” என்றாள். “அஞ்சு.”

எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். விளக்கு சிவப்பாகி, பட்டியல் கிடங்குக்குப் போனது. இனி ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. அதன்பிறகு, வழக்கப்படி, மறைத்துவைத்த பெயர்களை வாசிக்கவேண்டும். பத்தையும் வாசித்தேன். ஏறாத இரண்டில் ஏழாம் எண்ணை வாசித்தேன்.

“பதினொன்று. ‘ஈரச்சுவர்’. பாடி இசைத்தவர் தணிகைவேல், கொளத்தூர். உடன் குரல் அஞ்சுகம்.”

கீழே தெருவில் ஒரு ஆட்டோ நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

“நம்ம தணிகையா?” என்றாள் அஞ்சுகம். “இல்லையே. அவன் குரல் அப்படி இருக்காதே.”

சொல்லிவிட்டு வாய் திறந்தபடியே நின்றாள். அவள் எதையோ தேடுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லூர்துவைப் பார்த்தாள். லூர்துவும் தேடிக்கொண்டிருந்தார். ஷாகுல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எப்படி இருக்கும் அவன் குரல்?” என்று எங்களைக் கேட்டாள்.

வளையத்துக்குப் பாட்டுத் தெரியாது, ஒலி மட்டும்தான் தெரியும். ஆல்பம் முழுக்க ஓடியது தணிகையின் குரல். அது எங்கெல்லாம் தடம் விட்டிருந்ததோ அங்கெல்லாம் தேடிப்போயிருக்கிறது. அவள் அவன் குரலைக் கேட்ட முப்பத்தாறு வருடம். அவன் முகம் அவளுக்கு இருந்தது. மருத்துவமனைப் படுக்கை எண் இருந்தது. அவன் வாய் அசைவது இருந்தது.

அறையில் கழுவாத காது என்னுடையது மட்டும். அவன் எப்படிப் பேசுவான் என்று சொல்ல முயன்றேன். “‘அக்கா, சாப்பாட்டுக்கு இன்னும் எவ்ளோ நேரம்?’ அப்படிம்பான்,” என்றேன். சொற்கள் அவனுடையவை. குரல் என்னுடையது. அவள் கவனமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள், உதவி செய்தவருக்கு நன்றி சொல்வதுபோல.

கைப்பேசியில் அவன் அனுப்பிய குரல்செய்திகள் இருந்தன. ஒன்றை ஓடவிட்டாள். மருந்துக்கடையில் வாங்கவேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தான். எண் மாறி வந்த அழைப்பைக் கேட்கிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். யாரும் கூடப் போகவில்லை.

‘ஈரச்சுவர்’ ஜனவரி பன்னிரண்டாம் தேதி கிடங்கிலிருந்து அழிக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து, முதற்செவி விற்கும் அட்டைப்பெட்டியில் ஒரு எச்சரிக்கை வரி சேர்ந்தது: நெருங்கியவர் குரல் உள்ள இசையைக் கழுவவேண்டாம். அதற்குள் எத்தனை வீடுகளில் என்னென்ன போயிற்று என்று யாரும் எண்ணவில்லை. போனதைச் சொல்ல அவர்களுக்கே தெரியாது.

லூர்து கடையை விற்றுவிட்டுத் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தேவாலயத்தில் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்கிறார். பாட்டுக் கேட்பதில்லை என்கிறார். ஷாகுல் வேறு மூவரோடு இன்றும் பட்டியல் போடுகிறார். அதுவும் நின்றால் மற்ற ஆல்பங்களும் போய்விடும் என்று என்னையும் மூன்று ஆண்டுகள் பிடித்துவைத்திருந்தார், பிறகு விட்டுவிட்டேன். ஐந்தாம் எண் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. அஞ்சுகம் அதே ஆய்வகத்தில், அதே வீட்டில். தன்னிடம் உள்ள பிரதியை நூறு முறைக்கு மேல் கேட்டுவிட்டாள். இப்போது பிடிக்கிறதாம். அந்த ஆண்டு வந்ததில் இரண்டாம் இடம் கொடுக்கலாம் என்கிறாள்.